கடை வண்டிக்குப் பாடி கிட் பொருத்தி வண்ணம் பூசுதல்: நாமே செய்வது எதுவரை?



கடை வாசலில் உள்ள பெயர்ப்பலகை மங்கிவிட்டால் நமக்குப் பொறுக்காது. தீபாவளிக்கு முன்பாவது அதற்குப் புது வண்ணம் பூசிவிடுவோம். நம்மில் பலருக்கு இன்னொரு பெயர்ப்பலகையும் உண்டு. அது நாள்தோறும் ஊரைச் சுற்றி வருகிறது. வாடிக்கையாளர் வீட்டு வாசல்வரை போய் நிற்கிறது. அதுதான் நம் கடை வண்டி. அதன் பம்பர் உடைந்தும், கதவின் அடிப்பகுதி துருப்பிடித்தும் கிடந்தால், பார்ப்பவர் வண்டியை மட்டுமா எடை போடுவார்? கடையையும் சேர்த்துத்தான் எடை போடுவார்.

முன் பம்பருக்குக் கீழே ஓர் உதடு, பக்கவாட்டில் படிக்குக் கீழே இரண்டு பட்டைகள், பின் பம்பருக்கு ஓர் உறை ஆகியவற்றைச் சேர்த்து ‘பாடி கிட்’ என்று விற்கிறார்கள். பெரும்பாலும் இது வண்ணம் பூசாமல் கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ நம் கைக்கு வரும். ‘பட்டறைக்குப் போனால் வண்டி நாட்கணக்கில் நின்றுவிடும், கூலியும் கூடுதல், வீட்டிலேயே அடித்துவிடலாம்’ என்ற எண்ணம் நமக்கு வருவது இயல்பே. எனக்கும் வந்தது. அதில் பட்டதையும், பிறகு கற்றதையும் வரிசைப்படி எழுதுகிறேன்.

என் முதல் முயற்சி

என்னிடம் இருப்பது பழைய ஆம்னி வேன். கல்லூரியில் படிக்கும் மகன் ஆசைப்பட்டான் என்று ஃபைபர் பாடி கிட் ஒன்றை வாங்கினேன். அது மழைக்காலம். வெளியில் அடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் வைத்து இருவருமாக ஒரே நாளில் அடித்து முடித்தோம். மாலையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் மாலை ஓர் அம்மாள் தேயிலைப் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். “என்ன அண்ணாச்சி, டீயில பெயிண்ட் வாசம் அடிக்குதே?” என்றார். நான் கிடங்குக்குப் போய் முகர்ந்து பார்த்தேன். தேயிலை, மைதா, பால் பவுடர் மூன்றிலும் தின்னர் வாசம் ஏறியிருந்தது. வாசனையை இழுத்துக்கொள்ளும் சரக்குகள் இவை என்பது மளிகைக்காரனாகிய எனக்குத் தெரியாததா? ஊதுபத்தியையும் தேயிலையையும் ஒரே தட்டில் வைக்காதவன், தின்னரையும் தேயிலையையும் ஒரே அறையில் வைத்தேன். அத்தனையையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். மூன்று மாதத்தில் பெயிண்டும் வெங்காயத் தோல் போல உரிந்தது.

உரிந்த பம்பரை எங்கள் ஊரில் நெடுங்காலமாகப் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி ஒருவரிடம் காட்டினேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, நீங்க பெயிண்ட் அடிக்கல, அழுக்கு மேல போர்வை போத்தியிருக்கீங்க” என்றார். அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு செய்த இரண்டாவது முயற்சி நிலைத்தது. அந்தப் பாடம் இது.

பாடம் 1: சட்டம் முதலில்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே 2019இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாய் வைத்த ‘கிராஷ் கார்டு’ கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

ஆகவே, வண்டியின் தகட்டை வெட்டிப் பொருத்தும் கிட் வேண்டாம். நம்பர் பிளேட், விளக்குகள், பிரதிபலிப்பான்கள் எதையும் மறைக்கும் கிட் வேண்டாம். வண்டி எந்த நிறமோ அதே நிறத்தில் அடியுங்கள். ஆர்.சி.யில் நிறம் எழுதப்பட்டிருக்கிறது. நிறத்தை மாற்றுவதானால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கிட் பொருத்துவதிலும் ஐயம் இருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். விபத்துக்குப் பிறகு விளக்கம் சொல்வதைவிட முன்பே சொல்வது எளிது.

பாடம் 2: சரக்கை அறிந்து வாங்குதல்

பருப்பைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. பாடி கிட்டையும் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கண்ணாடி இழைகள் நூல் நூலாகத் தெரிந்தால் அது ஃபைபர். வழவழப்பான பிளாஸ்டிக்காக இருந்தால், உட்புறத்தில் பொறித்த ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். ‘பிபி’ என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். ‘ஏபிஎஸ்’ என்றிருந்தால் அது வேறு வகை.

இதைத் தெரிந்துகொள்வது எதற்காக? பாலிபுரொப்பிலீனில் எந்தப் பெயிண்டும் தானாக ஒட்டாது. அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடித்தே தீர வேண்டும். ஃபைபரில் பெயிண்ட் நன்றாக ஒட்டும்; ஆனால் அதில் வேறொரு வில்லங்கம் உண்டு. அச்சிலிருந்து எளிதாகக் கழற்றுவதற்காக அச்சில் மெழுகு தடவுவார்கள். அந்த மெழுகு கிட்டின் மேல் ஒட்டிக்கொண்டே வரும். என் பெயிண்ட் உரிந்ததற்கு அந்த மெழுகே காரணம்.

பாடம் 3: முதலில் பொருத்திப் பார்த்தல்

சட்டையைத் தைத்து முடித்த பிறகு அளவெடுக்க முடியாது. பெயிண்ட் அடிக்கும் முன்பே கிட்டை வண்டியில் வைத்து, மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் உறுப்புகள் சில மில்லிமீட்டர் கோணலாக இருப்பது சகஜம். அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய இதுவே நேரம்.

நம்மைப் போன்றவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வண்டியில் வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிவிட்டுப் பாருங்கள். வெறும் வண்டியில் தரையிலிருந்து உயரமாகத் தெரியும் உதடு, பத்து மூட்டை ஏற்றியதும் தாழ்ந்துவிடும். தெருமுனை வேகத்தடையில் இடிக்குமானால் அந்தக் கிட் கடை வண்டிக்கு ஆகாது. ரேடியேட்டருக்குக் காற்றுப் போகும் வழி, ஜாக்கி வைக்கும் இடம், கதவின் அடியிலும் படியின் அடியிலும் மழைநீர் வடியும் சிறு துளைகள் ஆகியவற்றை அடைக்கக் கூடாது. துளையை அடைத்தால் நீர் உள்ளேயே தங்கித் தகடு அழுகும். பட்டை மறைக்கப்போகும் இடத்தில் ஏற்கெனவே துரு இருந்தால், அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து துருத்தடுப்புப் பிரைமர் அடித்த பிறகே மேலே மூட வேண்டும்.

திருகுத் துளைகளையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். தகட்டில் போட்ட துளையின் விளிம்புக்கு உடனே பிரைமர் தடவுங்கள். பிளாஸ்டிக் கிட்டானால் நடுத்துளையை வட்டமாகவும், ஓரத்துத் துளைகளைச் சற்று நீளவாட்டிலும் போட வேண்டும். வெயிலில் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். நகர இடமில்லாவிட்டால் நடுவில் புடைக்கும்.

பாடம் 4: கழுவுதல், தேய்த்தல், பட்டி போடுதல்

சோப்புத் தண்ணீரால் இருமுறை கழுவுங்கள். காய்ந்த பின், மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். ஈரம் காயும் முன் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். இதற்குப் பிறகுதான் உப்புத்தாளை எடுக்க வேண்டும். முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் புகுந்துவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றுங்கள். நீர் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். தாமரை இலையில்போல முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது, மறுபடியும் கழுவுங்கள்.

நம் தொழிலில் கை எப்போதும் எண்ணெயில் இருக்கும். நல்லெண்ணெய் அளந்த கையோடு கிட்டைத் தொட்டால், தொட்ட இடத்தில் பெயிண்ட் விலகி வட்டக் குழிகள் விழும். இதைப் பட்டறைக்காரர்கள் ‘மீன்கண்’ என்பார்கள். சிலிக்கான் கலந்த பாலிஷும் இதையே செய்யும். கையுறை அணியுங்கள்.

ஃபைபர் மேற்பரப்பில் உள்ள ஊசித் துளைகளுக்கும் பள்ளங்களுக்கும் பட்டி போட வேண்டும். 100 கிராம் பட்டிக்குச் சுமார் 2 கிராம் ஹார்டனர் போதும். சில நிமிடங்களில் இறுகிவிடுமாதலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். இறுகிய பட்டியை முதலில் 120 எண் தாளாலும், பிறகு 240, 320 எண் தாள்களாலும் தேய்க்க வேண்டும். பட்டியின்மேல் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். பட்டி நீரைக் குடித்துக்கொண்டு, பின்னால் பெயிண்டைக் கொப்புளமாகக் கிளப்பும். ஃபைபர் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் கெடுதல். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தூசிக்கான முகமூடி ஆகியன கட்டாயம்.

பாடம் 5: இடமும் வேளையும்

கிடங்கு, கடை, சமையலறை, மூடிய கார் நிறுத்துமிடம் ஆகிய எதிலும் அடிக்கக் கூடாது. சரக்கில் வாசம் ஏறுவது சிறிய இழப்பு. பெரிய இழப்பு நெருப்பு. தின்னரில் பெரும்பாலும் உள்ள டொலுயீன் சுமார் 4 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். நம் ஊரில் எந்த மாதமும் அதைவிட வெப்பம்தான். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைவரை செல்லும். அங்கே சாமி படத்துக்கு ஏற்றிய விளக்கோ, ஊதுபத்தியோ, குளிர்பெட்டி தானாக ஓடத் தொடங்கும்போது எழும் சிறு பொறியோ போதும். கிடங்கு நிறைய எண்ணெய் டின்னும் சாக்கும் அட்டைப்பெட்டியும் வைத்திருக்கும் நாம் இதை ஒருபோதும் மறந்துவிடக் கூடாது.

சரக்கு இல்லாத திறந்த கொல்லைப்புறமே ஏற்ற இடம். பனி ஈரம் காய்ந்த பின் காலை 8 மணி முதல் 11 மணிவரை, காற்று வீசாத நாளில், நிழலில் அடியுங்கள். நேர் வெயிலில் மேல்தோல் முதலில் காய்ந்து உள்ளிருக்கும் தின்னர் குமிழியாக வெடிக்கும். மழை ஈரத்தில் அடித்தால் பெயிண்டின்மேல் வெண்மை பூத்துவிடும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். மின்சாரக் கம்ப்ரசரை ஈரத்திலிருந்து தள்ளி வையுங்கள். வேலை தொடங்கும் முன் கம்ப்ரசர் தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வெளியேற்றுவதும் அவசியம்.

பாடம் 6: ஸ்பிரே பிடிக்கும் கை

முதலில் ஓர் அட்டைப்பெட்டியில் அடித்துப் பழகுங்கள். அட்டைக்கு நம் கடையில் பஞ்சமில்லை. ஸ்பிரே கன்னானால் 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம். டப்பா ஸ்பிரேயானால் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். கை முழுவதும் ஒரே தூரத்தில், பரப்புக்கு இணையாக நகர வேண்டும். மணிக்கட்டை மட்டும் வளைத்தால் நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் மங்கலாகவும் விழும். கிட்டின் விளிம்புக்கு வெளியே தொடங்கி, மறு விளிம்பைத் தாண்டிய பிறகே விசையை விடுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும்.

மிக அருகில் பிடித்தால் வடியும். மிகத் தூரத்தில் பிடித்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து மாவு தூவியதுபோல விழும். பெயிண்டில் தின்னர் குறைந்தால் சாத்துக்குடித் தோல்போலச் சொரசொரப்பாகும். ஒரே பூச்சில் மறைத்துவிட வேண்டும் என்ற ஆசை வேண்டாம். மெல்லிய பூச்சுகள் இரண்டோ மூன்றோ அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் 10 முதல் 15 நிமிடம் காயவிடுங்கள். டப்பாவின்மேல் வேறு அளவு எழுதியிருந்தால் அதுவே சரி.

பிரைமர் நன்றாகக் காய்ந்த பின் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த ஒரு தந்திரம்: கறுப்புப் பெயிண்டை மேலே மிக லேசாகத் தூவிவிட்டு, 400, 600 எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கறுப்பு போகாமல் நிற்கும் இடமெல்லாம் பள்ளம். விளக்கு வெளிச்சத்தில் தெரியாத குறையை இது காட்டிக்கொடுக்கும்.

பாடம் 7: நிறுத்த வேண்டிய இடம்

இதுதான் இக்கட்டுரையின் முதன்மையான பாடம்.

வண்டிக்கு அடிக்கும் பெயிண்ட் இரு வகை. ஒன்று, தின்னர் ஆவியாகித் தானாகவே காய்வது. மற்றொன்று, ஹார்டனர் கலந்தால் இறுகுவது. ‘டூ கே’ என்றும் ‘பி.யு.’ என்றும் பட்டறையில் சொல்வது இந்த இரண்டாவது வகை. மேலே பளபளப்புக்காக அடிக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் இவ்வகையே. வெயிலுக்கும் பெட்ரோலுக்கும் தாங்கி நிற்பதும் இதுவே. ஆனால் இதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது.

1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது மெத்தில் ஐசோசயனேட் வாயு. பெயிண்ட் ஹார்டனரில் இருப்பது அதே பொருள் அன்று. அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்று. அது அப்படி ஊரை அழிக்காது. ஆனால் அடிப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். ஸ்பிரே புகையை மூச்சில் இழுப்பவருக்கு ஆஸ்துமா வரலாம். தீங்கு செய்யும் அளவை எட்டினாலும் மூக்குக்கு அதன் வாசம் தெரியாது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சுத் திணறும். துணி முகமூடி இதற்குப் பயனே இல்லை. வடிகட்டி வைத்த முகமூடியை நம்பியும் இறங்கக் கூடாது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று தரும் முகமூடியும், புகையை இழுத்து வெளியேற்றும் அறையும் வேண்டும். அவை வீட்டில் இல்லை.

மேஸ்திரியிடம், “அதையும் நானே அடித்துவிடட்டுமா?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “வேணாம் அண்ணாச்சி. எங்க காலத்துல கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு அடிச்சோம். இப்ப நான் மாடிப்படி ஏறினா பாதியில நிக்கிறேன். எனக்கு வேற தொழில் தெரியாது. உங்களுக்குக் கடை இருக்கு.” அந்தச் சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை. அவருடைய மகன் இப்போது காற்றுக் குழாய் முகமூடி போட்டுத்தான் அடிக்கிறார்.

ஆகவே, பொருத்திப் பார்த்தல், கழுவுதல், தேய்த்தல், பட்டி, தானாகக் காயும் வகைப் பிரைமர், மீண்டும் தேய்த்தல் ஆகிய இவ்வளவும் வீட்டில் செய்யலாம். இதிலும் ஆவிக்கான வடிகட்டி முகமூடி வேண்டும். பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. நிறமும் கிளியர் கோட்டும் பட்டறைக்கு. நிறத்தை மட்டும் வீட்டில் அடித்துவிட்டுக் கிளியரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது சரிவராது. நிறம் அடித்த கையோடு, உரிய நேரத்துக்குள் கிளியர் ஏற வேண்டும். சிறிய உறுப்பு ஒன்றை முழுவதும் வீட்டிலேயே முடிக்க விரும்பினால், ஹார்டனர் இல்லாத டப்பா ஸ்பிரேயை வாங்குங்கள். பெட்ரோல் சிந்தினால் அது இளகும் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள்.

பாடம் 8: பொருத்துதலும் கணக்கும்

பட்டறையிலிருந்து வந்த கிட்டை ஓரிரு நாள் நன்றாக இறுகவிட்டுப் பொருத்துங்கள். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளையே பயன்படுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வாஷர் வைத்து, பிளாஸ்டிக் நசுங்காத அளவு இறுக்குங்கள். ஒரு வாரம் ஓட்டிய பின் எல்லாத் திருகுகளையும் மறுபடி சோதியுங்கள். ஒரு மாதத்துக்கு மெழுகுப் பாலிஷ் போட வேண்டாம்.

இனிக் கணக்கு. வரவு செலவில் நான்கு இனங்களை எழுதுங்கள்: கிட்டும் பொருள்களும், கம்ப்ரசர், கன் ஆகியவற்றின் வாடகை, நம் உழைப்பு நேரம், வண்டி நின்றதால் விட்ட வியாபாரம். கடைசி இனத்தைத்தான் நாம் எழுத மறக்கிறோம். கிட் தனியாகக் கழன்று நிற்கும் வேலை என்பதால், தயாரிப்பு வேலைகளைக் கடை ஓய்வு நாட்களில் வீட்டில் செய்தால் வண்டி நிற்க வேண்டியதே இல்லை. இரண்டாம் முறை எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வண்டி நின்றது ஒரே நாள்தான். பட்டறைக் கூலியில் பெரும்பகுதி தேய்ப்பு வேலைக்கே போகிறது. அதை நாம் செய்துவிட்டால் மீதிக்கு மட்டும் கூலி பேசலாம். ஆனால் தயாரித்த உறுப்பை ஏற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டியே பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிளகாயை நாம்தான் பார்த்து வாங்குகிறோம், காம்பு கிள்ளுகிறோம், வெயிலில் காயவைக்கிறோம். அரைப்பதற்கு மட்டும் மில்லில் கொடுக்கிறோம். அதனால் நம் மிளகாய்த்தூளின் பெயர் குறைந்துவிட்டதா? வண்டி வேலையும் அப்படித்தான். பொறுமை வேண்டிய வேலை நம்முடையது. பாதுகாப்புச் சாதனம் வேண்டிய வேலை அதை வைத்திருப்பவருடையது.

‘பதறாத காரியம் சிதறாது’ என்று பெரியோர் சொன்னார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடப் பதறியதால் சரக்கையும் பெயிண்டையும் இழந்தவன் சொல்கிறேன். கொல்லைப்புறத்தில் நிதானமாகத் தொடங்குங்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் கடை வண்டி ஊரில் நல்ல பெயரோடு சுற்றி வரட்டும்!